நான் எந்த எலி, டாக்டர்?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 58 வயது வாசகர் ஒருவரின் கடிதம், சற்றுச் சுருக்கி:

"குழாய் பொருத்தும் பணியில் நான் மேற்பார்வையாளர். நான்கு ஆண்டுகளுக்கு முன் சவூதி அரேபியாவின் அல்-அஹ்சா பகுதியில் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்தேன். திரும்பி வந்த சில வாரங்களில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு பரு தோன்றி, ஐம்பது காசு அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. வலி இல்லை. முதலில் போன கிளினிக்கில் நான்கு மாதம் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் பூஞ்சைக் களிம்பும் மாறி மாறிக் கொடுத்தார்கள். பிறகு தோல் நிபுணர் ஒருவர் சதை எடுத்துப் பரிசோதித்து 'லீஷ்மேனியா' என்றார். புண்ணிலேயே ஊசி போட்டார், ஆறிவிட்டது. இப்போது தழும்பு மட்டும் இருக்கிறது. உயிரியல் படிக்கும் என் இளைய மகள், இந்த ஒட்டுண்ணியைச் செலுத்தினால் ஒரு வகை எலிக்குத் தானாக ஆறிவிடும், இன்னொரு வகை எலி செத்தே போகும் என்கிறாள். அப்படியானால் நான் எந்த எலி, டாக்டர்? கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறதா? மூத்த மகளின் கைக்குழந்தை என் மடியில்தான் வளர்கிறது, அதற்கு ஒட்டுமா? முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். அது போதவில்லை, அடலிமுமாப் ஊசி தொடங்கலாம் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று கருஞ்சீரகமும் நிலவேம்புக் கஷாயமும் தேக்காவில் வாங்கிய ஒரு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இது சரியா?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் முதலில் கேட்டது எலியைப் பற்றி. நான் முதலில் பதில் சொல்ல விரும்புவது, எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியை அடக்கும் அடலிமுமாப் ஊசியைப் பற்றி. அந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கு லீஷ்மேனியா வந்து ஆறியது என்பதை உங்கள் வாத நோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தோல் மருத்துவமனைக் கோப்பில் அது இருக்கிறதே, அவரே பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். இப்போது சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கான விடை உங்கள் மகள் சொன்ன எலிகளிடமே இருப்பதால், இனி அவற்றின் கதைக்கே வருகிறேன்.

உங்கள் கையில் கடித்தது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், பறக்கும்போது சத்தமே கேட்காது, சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் நுழைந்துவிடும், அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். அல்-அஹ்சா பேரீச்சந்தோப்புகள் நிறைந்த பாலைவனச் சோலை. அதன் சுற்றுப்புற மணலில் வளை தோண்டி வாழும் ஒருவகைக் கொழுத்த மணல் எலிதான் 'லீஷ்மேனியா மேஜர்' என்னும் இந்த ஒட்டுண்ணியின் சொந்த வீடு. அந்த வளைக்குள் ஈயும் எலியும் ஒட்டுண்ணியும் மனிதனைக் கேளாமலே காலங்காலமாகக் குடித்தனம் நடத்தி வருகின்றன. கட்டுமான வேலைக்குப் போன நீங்கள் அந்தக் குடித்தனத்துக்குள் தவறிப் புகுந்த விருந்தாளி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்கு இந்தத் தோல் நோய் புதிதாக வருகிறது. சிங்கப்பூரில் நாங்கள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல வெளிநாட்டில் கடிபட்டு வந்தவர்கள்; அதனால்தான் முதலில் பார்த்த மருத்துவருக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. நான்கு மாதம் வீணானதில் உங்களுக்குள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. வலியில்லாமல், விளிம்பு மேடாகவும் நடுப்பகுதி பள்ளமாகவும் இருக்கும் புண்ணோடு ஒருவர் வந்தால், 'எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள்?' என்ற ஒரே கேள்வி அந்த நான்கு மாதத்தையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

ஈயின் வாயிலிருந்து இறங்கும்போது ஒட்டுண்ணிக்கு நீந்துவதற்கு ஒரு வால் இருக்கும். தோலுக்குள் வந்ததும் அதை விழுங்குவது 'மேக்ரோஃபேஜ்' எனப்படும் பெருவிழுங்கி அணு, உடம்பின் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த ஒரு செல். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதே அந்த அணுவின் தொழில். ஆனால் லீஷ்மேனியா செரிக்கப்படுவதில்லை. வாலை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாகி, காவல்காரனின் வயிற்றிலேயே படுத்துக்கொண்டு இரண்டாகவும் நான்காகவும் பெருகுகிறது. உங்களிடமிருந்து எடுத்த சதையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தவர் கண்டது இதைத்தான்: ஒரு பெரிய அணுவுக்குள் நெருக்கமாக அடைந்த சிறு உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டப் புள்ளியும் அதன் அருகே ஒரு குட்டிக் கோடும். அந்தக் கோடு கண்ணில் பட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. இதே வடிவத்தை 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடம் கண்டு எழுதியவர் சார்ல்ஸ் டோனவன். அதே ஆண்டில் லண்டனிலிருந்து எழுதிய வில்லியம் லீஷ்மனின் பெயரையும் சேர்த்து அந்த உறவுக்காரக் கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயரிட்டார்கள். நம் ஊர் மருத்துவமனை ஒன்றின் ஆய்வு மேசை இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இனி எலிகள். தோல் மருத்துவத்துக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் நான் செய்த வேலை, வாரம் தவறாமல் எலிகளின் பாதத்தை அளப்பது. கழுத்துத் தோலைப் பிடித்து எலியை உள்ளங்கையில் மல்லாத்தி, பின்னங்காலை விரல்களுக்கிடையே நீட்டி, முள் காட்டும் சிறிய அளவுகோலின் இரு தாடைகளுக்கு நடுவே பாதத்தை வைத்துத் தடிமனைக் குறிப்பேன். ஒட்டுண்ணி செலுத்தாத பாதம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். முதல் இரண்டு வாரங்களில் வெள்ளை எலிக்கும் கறுப்பு எலிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டு பாதங்களும் வீங்கும். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு கறுப்பு எலியின் கோடு வரைபடத்தில் சரியத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பாதம் பழைய நிலைக்கு வந்துவிடும். வெள்ளை எலியின் கோடு ஏறிக்கொண்டே போகும். பாதம் புண்ணாகி, ஒட்டுண்ணி மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கிவிடும். அந்த நிலைக்கு விடாமல் எலியை வலியின்றி முடித்துவிடுவது விதி. அதைச் செய்யும் நாளில் யாரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

வெள்ளை எலியின் பெயர் 'பால்ப்-சி'. 1913-ல் நியூயார்க்கில் ஹால்ஸி பேக் என்பவர் வாங்கி வளர்த்த வெளிறிய எலிகளின் வழி வந்ததால் 'பேக் அல்பினோ' என்பதன் சுருக்கமாக அந்தப் பெயர். கறுப்பு எலி 'சி57 பிளாக்-6'. 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் 57-ஆம் எண் பெண் எலியிலிருந்து உருவாக்கிய வம்சத்தைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வந்ததால், ஒரு வம்சத்தின் எலிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மரபணுவைக் கொண்ட இரட்டைப் பிறவிகள். ஒரே ஒட்டுண்ணி, ஒரே அளவு, ஒரே நாள். ஆனால் ஒரு வம்சம் முழுவதும் ஆறுகிறது, இன்னொரு வம்சம் முழுவதும் அழிகிறது. வெள்ளை எலியிடம் எதிர்ப்புச் சக்தி குறைவு என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது உண்மையல்ல. அதன் நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் கிடக்கும். எதிர்ப்புப் படையின் ஒரு வகை வெள்ளணுக்களான டி செல்கள் பெருகிக்கொண்டிருக்கும். எதிர்பொருள்கள் நிறையச் சுரக்கும். இன்னும் வியப்பானது, மற்ற அணுக்களுக்குக் கட்டளை அனுப்பும் அதன் 'உதவி டி செல்களில்' ஒரு பகுதியைத் தொற்றுக்கு முன்பே அழித்துவிட்டால் அது பிழைத்துவிடும். அந்த எலியின் குறை சக்தியில் இல்லை, சக்தி போன திசையில் இருந்தது.

அந்தத் திசை எது என்பது 1980-களின் பிற்பகுதியில் தெளிவானது. 1986-ல் கலிபோர்னியாவில் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் எலியின் உதவி டி செல்கள் இரு வகைப்படும் என்று காட்டினார்கள். 'டிஎச்1' என்ற வகை இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியை அனுப்பும். 'டிஎச்2' வகை இன்டர்லூக்கின்-4 என்ற செய்தியை அனுப்பும். ஆய்வுக் குடுவையில் கண்ட இந்தப் பிரிவு உயிருள்ள உடம்பில் எதற்கு உதவுகிறது என்ற கேள்விக்கு, 1989-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹைன்ஸல், லாக்ஸ்லி முதலியோர் இந்த ஒட்டுண்ணியை வைத்தே விடை தந்தார்கள்: கறுப்பு எலியின் கணுக்களில் இன்டர்ஃபெரான் காமா, வெள்ளை எலியின் கணுக்களில் இன்டர்லூக்கின்-4. அடுத்த ஆண்டே, வெள்ளை எலிக்கு இன்டர்லூக்கின்-4-ஐ மடக்கும் எதிர்பொருளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் அதன் புண் ஆறுகிறது என்று காட்டினார்கள். 1993-ல் இன்டர்லூக்கின்-12 என்ற செய்தியை முதல் வாரத்துக்குள் கொடுத்தாலும் அப்படியே ஆறியது. அந்த வாரம் தாண்டிவிட்டால் பயன் இல்லை. எந்தப் பாதையில் போவது என்பதை உடம்பு முதல் சில நாட்களிலேயே முடிவு செய்துவிடுகிறது.

இரு செய்திகளும் பெருவிழுங்கி அணுவுக்குள் என்ன செய்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்ஜினின் என்பது நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இருக்கும் ஒரு சாதாரண அமினோ அமிலம். இன்டர்ஃபெரான் காமாவின் கட்டளை வந்தால் அணு இந்த ஆர்ஜினினை நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவாக்குகிறது. தன் வயிற்றில் படுத்திருக்கும் ஒட்டுண்ணியை அந்த வாயுவால் கொல்கிறது. இன்டர்லூக்கின்-4-இன் கட்டளை வந்தாலோ, அதே ஆர்ஜினினை வேறொரு நொதி வேறு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளை ஒட்டுண்ணி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. சமையற்கட்டில் இருக்கும் ஒரே பருப்பு, யார் சொல்படி சமைக்கிறோம் என்பதைப் பொறுத்து, திருடனுக்கு நஞ்சாகவும் ஆகிறது, விருந்தாகவும் ஆகிறது.

மகள் சொன்ன கதை இங்கே முடிகிறது. பாடப்புத்தகங்களும் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்தவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். இன்டர்லூக்கின்-4 மரபணுவையே நீக்கிய வெள்ளை எலிகளை உருவாக்கி 1996-ல் சோதித்தபோது, ஓர் ஆய்வுக் குழுவின் எலிகள் ஆறின, இன்னொரு குழுவின் எலிகள் ஆறவில்லை. அதற்கு முன்பே, 1992-ல், பீட்டர் பிரெட்ஷர் வெள்ளை எலிகளுக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையில் ஒட்டுண்ணியைச் செலுத்தினால் அவை ஆறுவதோடு, பின்னால் அதிக அளவில் செலுத்தினாலும் தாங்கிக்கொள்கின்றன என்று காட்டியிருந்தார். ஆக, 'சாகும் எலி' என்பதுகூட எவ்வளவு ஒட்டுண்ணி, எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்த பட்டம்தான். நாங்கள் எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தியது பத்து லட்சம், இருபது லட்சம் என்ற கணக்கில். மணல் ஈ ஒன்று கடிக்கும்போது இறக்குவதோ பெரும்பாலும் சில நூறு. ஊசியோடு ஈயின் எச்சில் வருவதில்லை. அந்த எச்சில் தொற்றுக்கு உதவுகிறது என்பது 1988-லேயே தெரிந்திருந்தது. 2008-ல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஆய்வகத்தில் உயிருள்ள எலியின் காதில் ஈயைக் கடிக்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கடித்த இடத்துக்கு முதலில் ஓடிவந்தவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். அவற்றை முன்கூட்டியே நீக்கிவிட்டால் தொற்று குறைந்தது. காப்பாற்ற ஓடிவந்தவையே ஒட்டுண்ணிக்கு ஏறிச்செல்லும் வண்டியாகிவிட்டன. பாதம் அளந்த இரண்டு ஆண்டுகளில் இப்படியொன்று இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஈயை விட்டுவிட்டு ஊசியை நம்பியதன் விலை அது.

ஆகவே, ஐயா, நீங்கள் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. உங்கள் மரபணு ஒரு வம்சத்தின் நகல் அல்ல. மனிதப் புண்ணிலிருந்து எடுத்த சதையில் இரண்டு வகைச் செய்திகளும் கலந்தே இருப்பதைக் காண்கிறோம், எலியைப் போல ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நிற்பது அரிது. லீஷ்மேனியா மேஜர் மனிதரில் உண்டாக்கும் புண் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறக்கூடியது. உங்களுக்குப் போட்ட ஊசி அதை விரைவுபடுத்தியது. அதில் இருந்தது ஆன்டிமனி என்ற உலோகத்தின் உப்பு; நம் பாட்டிமார் கண்ணுக்குத் தீட்டிய மைக்கு அரைத்த அஞ்சனக்கல் இதே உலோகத்தின் தாதுதான். இங்கேயும் எலி ஒரு செய்தி சொல்கிறது: டி செல் இல்லாமல் பிறக்கும் எலிகளுக்கு டோனவனி வகை ஒட்டுண்ணியைச் செலுத்தி, எவ்வளவு ஆன்டிமனி கொடுத்தாலும் அந்த மருந்து வேலை செய்வதில்லை. மருந்து தனியாகக் கொல்வதில்லை, உங்கள் டி செல்கள் கைகொடுத்ததால்தான் கொன்றது.

கிருமி இன்னும் இருக்கிறதா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இருக்கலாம் என்பதே நேர்மையான பதில். பாதம் முழுமையாக ஆறிய கறுப்பு எலியை, வீக்கம் வடிந்து மாதங்கள் கழித்துச் சோதித்தாலும், அந்தத் தோலிலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுவிலும் சிறு எண்ணிக்கையில் உயிருள்ள ஒட்டுண்ணிகளைக் காணலாம். உடம்பு அவற்றை ஏன் கடைசிவரை துடைத்தெடுக்கவில்லை என்பதை 2002-ல் யாஸ்மின் பெல்கைதும் டேவிட் சாக்ஸும் அவர்களுடைய குழுவினரும் விளக்கினார்கள். ஆறிய இடத்தில் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்ற வகை வந்து குடியேறி, இன்டர்லூக்கின்-10 என்ற செய்தியால் 'போதும், நிறுத்து' என்று மற்ற செல்களை அடக்கிவைக்கிறது. இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகளில் ஒட்டுண்ணி முற்றிலும் அழிந்துபோகிறது. நல்லதுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் அப்படி முற்றிலும் துடைக்கப்பட்ட எலிக்கு மறுபடி ஒட்டுண்ணியைச் செலுத்தினால், முன்பிருந்த காப்பு அதனிடம் இல்லை. புதிதாகத் தொற்று கண்டது போலவே வீங்குகிறது. மிச்சம் வைத்திருந்த எலியோ உடனே அடக்கிவிடுகிறது. அந்தச் சிறு மிச்சம்தான் படையைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நம் முன்னோர் அம்மைத் தடுப்புக்கு முன் அம்மைப் பாலைக் குத்திக்கொண்டது போல, மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும் மக்கள் தங்கள் குழந்தைகளுக்கு முகத்தில் புண் வராமலிருக்க, உடை மறைக்கும் இடத்தில் வேண்டுமென்றே இந்தப் புண்ணின் நீரைக் குத்திவிடுவது வழக்கமாக இருந்தது. ஒருமுறை ஆறியவருக்கு அதே வகை மறுபடி வருவது அரிது என்பதை அவர்கள் எலி இல்லாமலே அறிந்திருந்தார்கள். அதனால் உங்கள் தழும்புக்குள் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கலாம் என்பதற்காக நீங்கள் அச்சப்பட வேண்டியதில்லை. அதைத் தேடி எடுப்பதற்கென்று மறுபடி சதை எடுக்கவும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அச்சப்பட வேண்டாம், ஆனால் அந்தக் காவலைத் தளர்த்தும்போது யோசித்துத் தளர்த்த வேண்டும். அடலிமுமாப் தடுப்பது டிஎன்எஃப் என்ற செய்தியை. மூட்டில் வீக்கத்தை உண்டாக்குவது அதுவே. பெருவிழுங்கி அணு ஒட்டுண்ணியைக் கொல்வதற்குத் துணைநிற்பதும் அதுவே. ஆறக்கூடிய கறுப்பு எலியிடமிருந்து டிஎன்எஃப் மரபணுவை நீக்கிவிட்டு லீஷ்மேனியா மேஜரைச் செலுத்தியபோது, இன்டர்ஃபெரான் காமா இருந்தும் அவை சில வாரங்களில் இறந்தன. 2001-ல் வெளிவந்த ஆய்வு இது. மனிதரிலும் டிஎன்எஃப் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு லீஷ்மேனியா தலைதூக்கியதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேறொரு வகை லீஷ்மேனியா வீட்டு நாய்களிடமே சுற்றிக்கொண்டிருக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளில் வசிப்பவர்கள். உங்களைப் போல ஆறிச் சில ஆண்டுகள் கழிந்து, ஈ இல்லாத ஊரில் இருப்பவர்களின் நிலை அதே அளவு ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. எலியில் மரபணுவையே நீக்குவதும், மனிதனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுவதும் ஒன்றல்ல.

ஆகவே அந்த ஊசி உங்களுக்குக் கூடாது என்பது என் பதிலல்ல. முடக்குவாதத்தைச் சரியாக அடக்காமல் விட்டால் விரல் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடும். குழாய் பொருத்தும் தொழிலில் இருப்பவருக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. நான் கேட்பது மூன்று பேரும் ஒரே செய்தியை வைத்துக்கொண்டு பேசுவதுதான்: நீங்கள், வாத மருத்துவர், உங்களுக்குச் சிகிச்சையளித்த தோல் நிபுணர். டிஎன்எஃப்-ஐத் தொடாமல் வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளும் இருக்கின்றன. எது பொருத்தம் என்பதை உங்கள் மூட்டையும் கல்லீரலையும் நுரையீரல் படத்தையும் பார்த்த அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஊசிக்கு முன் காசநோய் உறங்கிக் கிடக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதற்கும் காரணம் இதே தத்துவம்; காசநோய்க் கிருமியும் அதே பெருவிழுங்கி அணுவுக்குள் ஒளிந்திருப்பது. அந்தப் பரிசோதனை லீஷ்மேனியாவைக் காட்டாது என்பதால்தான் நீங்கள் வாய் திறந்து சொல்வது முக்கியமாகிறது.

கருஞ்சீரகம், நிலவேம்பு, தேக்கா மாத்திரை ஆகியவற்றைப் பற்றி. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது' என்ற சொற்றொடரை நான் கேட்கும்போதெல்லாம் அந்த வெள்ளை எலியின் வீங்கிய கணுக்கள்தான் நினைவுக்கு வரும். கூட்டுவது என்றால் எதை? எலியைக் காப்பாற்றிய இன்டர்லூக்கின்-12-ஐ 1990-களில் சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் 17 பேரில் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். தென் அமெரிக்காவில் மூக்கையும் அண்ணத்தையும் அரிக்கும் லீஷ்மேனியா வகையில், புண்ணுக்குள் ஒட்டுண்ணியைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. சதையை அரிப்பது நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றலே. உங்களுக்கோ, முடக்குவாதம் என்பதே எதிர்ப்பாற்றல் மிகையாகித் தன் மூட்டைத் தாக்கும் நோய். ஒரு கையால் அதை அடக்க மாத்திரை சாப்பிட்டு, மறுகையால் அதைத் தூண்டுவதாகச் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுவது எதற்கு? சமையலில் சேரும் கருஞ்சீரகத்தைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கஷாயத்தையும் அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மாத்திரைப் புட்டியை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து, அதன்மேல் உள்ளடக்கம் தெரியாத எதையும் ஏற்ற வேண்டாம்.

பேரக்குழந்தைக்கு ஒட்டாது. இது தொடுவதாலோ ஒரே படுக்கையில் படுப்பதாலோ முத்தத்தாலோ பரவும் நோயல்ல. நடுவே மணல் ஈ வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த தானம் செய்யப் போனால் மட்டும் இந்த நோய் வந்ததை அங்கே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பயணக் குறிப்பு. இலங்கையிலும் தோல் லீஷ்மேனியா இருக்கிறது. அங்கே அதை உண்டாக்குவது நம் சென்னை டோனவனின் பெயர் கொண்ட வகைதான். ராஜஸ்தானின் பிகானேர் பகுதியிலும் கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரங்களிலும்கூட உண்டு. அல்-அஹ்சா வகைக்கு எதிராக உங்களுக்கு உள்ள காப்பு வேறு வகைகளுக்கு எதிராகவும் முழுமையாக நிற்கும் என்று எண்ண வேண்டாம். அடலிமுமாப் ஊசியைத் தொடங்கிய பிறகு அத்தகைய இடங்களுக்கு உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனாலும், மாலை மங்கியதும் முழுக்கைச் சட்டை அணிவதும், பூச்சி விரட்டி பூசுவதும், மருந்தில் தோய்த்த நெருக்கமான கண் கொண்ட வலைக்குள் படுப்பதும் வேண்டும். இதற்குத் தடுப்பூசி மனிதருக்கு இன்னும் வரவில்லை.

தழும்பைக் கவனிக்க ஒரு எளிய வழி: மாதம் ஒருமுறை அதன் பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தட்டையாக, வெளிறி, அப்படியே இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். விளிம்பில் சிவந்த சிறு மேடோ, நடுவில் பொருக்கோ தோன்றினால், அல்லது மூக்கு அடைப்பும் ரத்தக் கசிவும் வாரக்கணக்கில் நீடித்தால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். எந்த மருத்துவரிடம் போனாலும் புண்ணைக் காட்டுவதற்கு முன்பே 'எனக்கு லீஷ்மேனியா வந்திருக்கிறது' என்றும், ஊசியைத் தொடங்கியிருந்தால் 'இப்போது அடலிமுமாப் போட்டுக்கொள்கிறேன்' என்றும் சொல்லிவிடுங்கள். போன முறை அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. இந்த முறை அது உங்கள் வாயிலேயே இருக்கிறது.